ஒரே டேக்

"அந்தப் பூதத்தை யாரைக் கேட்டுடா கொண்டாந்தே?"

கோர்ட் செட்டின் நடுவில் நின்ற பழைய ஃபிலிம் கேமராவைப் பார்த்ததும் தயாரிப்பாளருக்கு முகம் சிவந்துவிட்டது.

"மெதுவா, மாமா. ஹீரோ காதுல விழும்" என்றான் டைரக்டர்.

"விழட்டும்! டிஜிட்டல்லயே எடுன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். ஃபிலிம் ஓடுச்சுன்னா, படத்தை இன்னியோட மூட்டை கட்டிடுவேன்."

"நூறு வருஷத்துக்கு முந்தின கதை, மாமா..."

"அப்போ ஷூட்டிங்குக்கும் மாட்டு வண்டியில வா!"

கேமராவுக்குப் பின்னால் டைரக்டரின் அக்கா சிரிப்பை அடக்கிக்கொண்டாள். ஒளிப்பதிவாளர் அவள்தான், தயாரிப்பாளர் அவள் கணவர். தம்பிக்கோ இது முதல் படம். மூட்டை கட்டினால் அதுவே கடைசிப் படம்.

"என்னங்க, கொஞ்சம் அப்படி ஓரமா உட்காருங்க" என்றவள், ஃபிலிம் பெட்டியை ஒரு கையால் அலட்சியமாகத் தூக்கிக் கேமராவின் தலையில் மாட்டினாள்.

ஹீரோவுக்கு யூனிட்டில் 'இன்னொண்ணு' என்று பெயர். மாமாவின் போன படத்தில் ஒவ்வொரு ஷாட்டும் முடிந்ததும், "டிஜிட்டல்தானே, இன்னொண்ணு போகலாமா?" என்பார். டேக் ஏற ஏற முகம் மரக்கட்டையாகும். படமும் மரக்கட்டையாகவே வெளிவந்து, மூன்றாம் நாளே சுருண்டது.

இன்று அந்த மனிதர் குற்றவாளிக் கூண்டில் பரீட்சைக்கு வந்தவர் போல நின்றார். ஃபிலிம் என்று சொன்னதிலிருந்து ஒத்திகைக்கு மேல் ஒத்திகை. பக்கத்து ஸ்டாண்டில் இருந்த, படப்பிடிப்பையே படம் பிடிக்கும் மேக்கிங் வீடியோவுக்கான சின்ன கேமரா அதையெல்லாம் பதிவு செய்துகொண்டிருந்தது.

"ஒரே ஒரு ஷாட் பாருங்க, மாமா. அப்புறம் உங்க இஷ்டம்."

தயாரிப்பாளர் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"ரோல்!"

அக்காவின் வலது கை பெரிய கேமராவை முடுக்கியது. இடது கை, கண் பார்க்காமலே பக்கத்து ஸ்டாண்டைத் தடவி ஏதோ அமுக்கியது. கரகரவென்ற சத்தத்தில் கோர்ட்டே அடங்கியது.

தீர்ப்பைக் கேட்ட ஹீரோ அழவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி மாட்டிக்கொண்டார். மாட்டிய பிறகுதான் ஒரு சொட்டு அதன் கீழே வழிந்தது. லைட் பிடித்தவர்கூட மூக்கை உறிஞ்சினார்.

"கட்!"

"ஃபிலிம்னா ஃபிலிம்தான், தம்பி" என்று ஹீரோ கூண்டைவிட்டு இறங்கினார். "உள்ள இருந்ததை வழிச்சுக் கொடுத்துட்டேன். இனி யார் கேட்டாலும் வராது." மேக்கப் அறைக்கு நடந்தவரின் முதுகைப் பார்த்து, சின்ன கேமராவின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

தயாரிப்பாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "நடிப்பு வேற, நான் சொன்ன சொல் வேற. கட்டு மூட்டையை!"

"அக்கா, மாமாவுக்குப் பெட்டியைத் திறந்து காட்டு."

பெட்டிக்குள் காற்றுதான் இருந்தது.

"சத்தம் மட்டும்தான் ஃபிலிம், மாமா. அது கேட்டாதான் மனுஷன் பயந்து நடிக்கிறார். நிஜமா எடுக்கிறது இந்தக் குட்டி டிஜிட்டல். மேக்கிங்னு அவர்கிட்ட சொல்லி வச்சிருக்கோம்."

"அடப்பாவிகளா! அக்காவும் தம்பியும் சேர்ந்து என்னையே..." தயாரிப்பாளர் வயிறு குலுங்கச் சிரித்தார். "சரி, போடு அந்த அழுகையை. பார்ப்போம்."

அக்கா போட்டாள். ஒத்திகை ஓடியது. "ரோல்!" என்று தம்பியின் குரல் கேட்டதும் படம் நின்றது. அடுத்த பதிவு, கூண்டைவிட்டு இறங்கும் ஹீரோவிலிருந்து தொடங்கியது.

அக்கா தன் இடது கையையே பார்த்தாள். "ஒத்திகைக்கு ஓடிக்கிட்டு இருந்ததை மறந்துட்டேன்டா. ரோல்னதும் அமுக்கினேன்ல... அதுல நின்னு போச்சு. நீ 'கட்'னு சொன்னதும் மறுபடி அமுக்கினதுல ஓட ஆரம்பிச்சிருக்கு."

தயாரிப்பாளரின் சிரிப்பு பாதியில் நின்றது.

டைரக்டர் போய் மேக்கப் அறைக் கதவைத் தட்டினான். பாதி மேக்கப் கலைந்த முகத்தோடு ஹீரோ திரும்பிப் பார்த்தார்.

"சார்... இன்னொண்ணு போகலாமா?"