பந்தா, குழாயா?

"பந்து வேண்டாம். ஏறேக்கை ஏணியிலை கொழுவிச்சுதெண்டால், குதிக்க முதலே குடை வெளியாலை வந்திடும்" என்றான் நீல்ஸ் டெனிஷில். மேசையில் கிடந்த இரண்டு கைபிடிகளில் துணிப்பந்தைத் தள்ளிவிட்டு, விரல் நீளக் குழாய்த்துண்டை எடுத்தான்.

கோணேசனுக்குக் குழாயில் நம்பிக்கை இல்லை. டென்மார்க்கின் வைலே நகரில் கூடாரம் தைக்கும் பட்டறையில் வேலை அவனுக்கு. துணியைப் பற்றித் தெரியும். அதில் ஒரு மனிதன் தொங்குவதைப் பற்றித் தெரியாது.

முதுகுப்பையின் அடியில் மடித்துச் செருகியிருக்கும் சின்னப் பரசூட் குடையை அந்தக் கைபிடியைப் பிடித்து உருவி எறிய வேண்டும். அது காற்றைப் பிடித்துப் பெரிய குடையை இழுத்துத் திறக்கும். ஆனால் நீல்ஸ் குதிக்கப்போவது விமானத்திலிருந்து அல்ல, ஊருக்கு வெளியே நிற்கும் ஒலிபரப்புக் கோபுரத்திலிருந்து. அந்த உயரத்தில் கை ஒருமுறை தவறினால் மறுமுறை என்று ஒன்று கிடையாது.

"கையுறையோட பிடிச்சா வழுக்காதோ?"

"தோல் சுத்தித் தை. வழுக்கினா உன்னைப் பேச நான் இருக்கமாட்டன், பயப்பிடாதை." சிரித்த நீல்ஸ், பனியில் விழுந்து நொந்த வலது தோளைச் சுழற்றிப் பார்த்து முகத்தைச் சுளித்தான்.

கோணேசனுக்குச் சிரிப்பு வரவில்லை. கோபுரத்தில் நீல்ஸ் கட்டப்போகும் பதாகை அவனுக்காகவும்தான். அவன் மனைவி கோகிலா பிள்ளையோடு கொழும்பில் ஒரு லொட்ஜில் இருந்தாள். டென்மார்க்குக்கு வரக் கேட்ட தமிழ்க் குடும்பங்களின் விண்ணப்பங்கள் அசையாமல் கிடந்த 1988 அது. வெறும் பதாகையை யாரும் பார்க்கமாட்டார்கள், மேலேயிருந்து ஒருவன் குதித்தால் பார்ப்பார்கள் என்பது நீல்ஸின் கணக்கு.

தைக்க உட்கார்ந்த பிறகுதான், கைபிடி பையின் எந்தப் பக்கம் வரவேண்டும் என்று கேட்காதது உறைத்தது. கோணேசன் போன் எடுத்தான். வலதுக்கும் இடதுக்கும் டெனிஷில் உள்ள சொற்கள் எப்போதும் அவன் வாயில் இடம்மாறிவிடும். இந்த விஷயத்தில் மாறக்கூடாது.

"நீ சாப்பிடுற கையின்ரை பக்கமோ?" என்று கேட்டான்.

மறுமுனையில் நீல்ஸ் சிரித்தான். "அதேதான். வாய்க்குக் கொண்டுபோற கை. எனக்கு இப்ப நம்பிக்கையான கை அதுதான்."

கோணேசன் தோலைச் சுற்றி, மெழுகு நூலால் இறுக்கித் தைத்தான்.

விடியற்காலை. கோபுரத்தின் அடியில் மேரிகிறேஸ் கமராவோடு காத்திருந்தாள். முதியோர் இல்லத்தில் வேலை, இரவு முறை முடிந்து நேரே வந்திருந்தாள். அவளுடைய தங்கையும் கொழும்பில்தான் முடங்கிக் கிடந்தாள்.

குதிப்பதற்கு முன் நிலத்தில் நின்று, கையைப் பின்னால் விட்டுக் கைபிடியைத் தடவிப் பார்ப்பது நீல்ஸின் வழக்கம். இன்று கோணேசன் பையைக் கொடுக்கும்போதே காவலாளியின் வான் வண்டியின் வெளிச்சம் வளைவில் திரும்பியது. நீல்ஸ் பையை மாட்டி வாரை இறுக்கிக்கொண்டு ஏணியில் தாவினான்.

இருவரும் பற்றைக்குள் பதுங்கினார்கள். வான் நிற்காமல் போய்விட்டது. மேலே நீல்ஸ் சிறுத்துக்கொண்டே போனான்.

"அண்ணை, அந்தக் குழாய் கழண்டு வராதோ?"

"யானை இழுத்தாலும் வராது, தங்கச்சி."

"வழுக்கிறது?"

"தோல் சுத்தியிருக்கு. ஈரக் கையாலையும் பிடிச்சுப் பாத்தனான்."

சொல்லச் சொல்ல அவனுக்கே மனம் ஆறியது. காற்றும் அடங்கியிருந்தது. மேலே வெள்ளைத் துணி அவிழ்ந்து விரிந்தது. 'குடும்பங்களை வரவிடு' என்ற டெனிஷ் எழுத்துகள் கீழேயிருந்தே தெரிந்தன. நீல்ஸ் விளிம்புக்கு வந்து நின்றான்.

மேரிகிறேஸ் கமராவைக் கண்ணில் வைத்தாள். "உருவி எறியிற நேரம்தான் படம் எடுக்கவேணும். கைபிடி எந்தப் பக்கம், அண்ணை?"

"சோத்துக்கைப் பக்கம். அவனட்டையே கேட்டனான், சாப்பிடுற கையோ எண்டு. ஓமெண்டவன்."

கமரா மெல்ல இறங்கியது. மேலே நீல்ஸின் கால்கள் விளிம்பை விட்டிருந்தன.

"ஐயோ அண்ணை, இவங்கள் முள்ளுக்கரண்டி பிடிக்கிறது இடக்கையிலையெல்லோ!"