முதுகுக்குப் பின்னால் ஓர் ஆட்டம்

எண்பத்தெட்டு நிமிடமாக அந்த மனிதர் ஒரு தடவைகூட மைதானத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை.

ஆரஞ்சு நிற மேற்சட்டை, அறுபதை ஒட்டிய வயது. கம்பித் தடுப்புக்கு அந்தப் பக்கம், எனக்கு நேர் எதிரே, கை நீட்டினால் எட்டும் தூரத்தில் நின்றார். ஆட்டத்துக்கு முதுகு, எங்களுக்கு முகம். ஸ்காட்லாந்திலிருந்து இத்தாலி வரை வந்து இறங்கியிருந்த நாங்கள் மூவாயிரம் பேரும் கலாட்டா செய்யாமல் பார்த்துக்கொள்வதுதான் அவருக்கு வேலை.

"ஒரு தடவ திரும்பித்தான் பாரேன்யா! கழுத்து சுளுக்கிக்குமா?" என்று என் அண்ணன் லாக்லன் முதல் பாதி முழுக்க அவரைச் சீண்டிக்கொண்டிருந்தான். அவருக்கு எங்கள் பேச்சு புரியவில்லை. புரிந்திருந்தாலும் திரும்பியிருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன்.

எங்கள் ஊர் அணி ஐரோப்பியக் கோப்பையின் அரையிறுதிக்கு வந்தது அதுதான் முதல் தடவை. எங்கள் ஊரில் நடந்த முதல் ஆட்டத்தில் யாரும் கோல் போடவில்லை. இங்கே ஜெயித்தால் இறுதிப் போட்டி.

ஜெயிக்க விடுவேனா என்று நின்றான் அவர்களுடைய கோல்கீப்பர்.

வழக்கமான கீப்பருக்கு விரல் முறிந்துவிட்டதாம். அதனால் இறக்கிவிட்ட உள்ளூர்க்காரன், இருபத்திரண்டு வயதிருக்கும். பெயரைக்கூட எங்களுக்குச் சரியாகச் சொல்ல வரவில்லை. முதல் அரை மணியில் கதையை முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தோம்.

எழுபதாவது நிமிடத்தில் எங்கள் ஆள் இரண்டு கஜ தூரத்திலிருந்து தலையால் முட்டினான். கீப்பர் இடது பக்கம் விழுந்துகொண்டிருந்தான், பந்து வலது பக்கம் போனது. கோல் என்று நான் கத்தியே விட்டேன். விழுந்துகொண்டிருந்தவன் பாதியில் உடம்பைத் திருப்பி, எங்கிருந்தோ ஒரு கையைக் கொண்டுவந்து பந்தைக் குறுக்குக் கம்பத்துக்கு மேலே தட்டிவிட்டான்.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அதை அண்ணனிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஊருக்குத் திரும்புகிற பஸ்ஸில் எனக்கு இடம் இருந்திருக்காது.

மூவாயிரம் பேரும் தலையில் கை வைத்தோம். ஆரஞ்சுச் சட்டைக்காரர் எங்களைப் பார்த்து மெல்ல மூச்சு விட்டார்.

"எங்க வயித்தெரிச்சல்ல குளிர் காயிறாரு பாரு," என்றான் அண்ணன்.

எண்பத்தொன்பதாவது நிமிடத்தில் எங்களுக்குப் பெனால்ட்டி கிடைத்தது.

"அடியே எஃபி! பாத்துத் தொலைக்காத!"

அண்ணன் மட்டுமல்ல, பின்னால் நின்ற ஆறேழு பேரும் சேர்ந்து கத்தினார்கள். நான் கண்ணால் பார்த்த பெனால்ட்டி நான்கு. நான்கும் வீண். என் ராசி ஊரறிந்த சங்கதி. அதனால் பெனால்ட்டி என்றாலே நான் வேறெங்காவது பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது எங்கள் கூட்டத்தில் சட்டம்.

பார்ப்பதற்கு அவர் முகம்தான் இருந்தது.

அவரும் என்னைத்தான் பார்த்தார். மற்ற எல்லாக் கண்களும் அவருடைய தோளுக்கு மேலாக எங்கேயோ இருந்தன. நாற்பதாயிரம் பேர் நிறைந்த அந்த இடத்தில் பந்தைப் பார்க்காத இரண்டு பேர் நாங்கள்தான். அவர் உதடுகள் அசைந்தன. தன் ஊர் தோற்றுவிடக் கூடாதென்று வேண்டிக்கொள்கிறார், பாவம், என்று நினைத்தேன். இரண்டு பேர் வேண்டுதலும் ஒன்றாகப் பலிக்க வழியில்லையே.

உதைக்கும் சத்தம் கேட்டது.

கீப்பரின் விரல் நுனியில் பட்டுத்தான் பந்து உள்ளே போனதாம். அது அண்ணன் பிறகு சொன்னது. நான் பார்த்ததெல்லாம் அவர் கண்கள் மூடிக்கொண்டதைத்தான்.

பின்னாலிருந்து மொத்தக் கூட்டமும் என் மேல் சரிந்தது. தடுப்பைத் தாண்டித் தலைகீழாகப் போன என்னை அவர் இரண்டு கைகளாலும் தாங்கிப் பிடித்து, நேராக நிறுத்தி, என் தொப்பியையும் எடுத்துக் கொடுத்தார்.

ஆட்டம் முடிந்தது. நாங்கள் இறுதிப் போட்டிக்குப் போய்விட்டோம். எங்கள் ஆட்டக்காரர்கள் ஓடி வந்து சட்டைகளை எறிந்துவிட்டுப் போனார்கள். அழுகையும் பாட்டுமாகக் கிடந்தோம்.

அப்போது அந்தக் கீப்பர் தனியாக எங்கள் பக்கம் நடந்து வந்தான். கையுறைகளைக் கழற்றியிருந்தான்.

யார் ஆரம்பித்தார்களோ தெரியாது, பாட்டு நின்று கைதட்டல் எழுந்தது. மூவாயிரம் பேரும் தட்டினோம். ஆட்டம் முழுக்க அவனைத் திட்டித் தீர்த்த அண்ணன் கண்ணீரும் சளியுமாக, "என்னா ஆட்டம்டா ஆடுன, ராசா!" என்று தொண்டை கிழியக் கத்தினான்.

அதை ஏற்றுக்கொள்ளத்தான் வருகிறான் என்று நினைத்தேன். அவன் எங்களை ஏறிட்டும் பார்க்கவில்லை. நேரே வந்து, ஆரஞ்சுச் சட்டையின் முதுகில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டான்.

"பப்பா," என்றான்.

அவர் திரும்பவில்லை. வலது கை மட்டும் தோளுக்கு மேலாகப் பின்னால் போய், ஈரத் தலையைத் தடவித் தேடிப் பிடித்துக்கொண்டது. இடது கை எங்கள் தடுப்பின் மேலேயே இருந்தது. கண்கள் எங்கள் மேலேயே இருந்தன.

கைதட்டல் வரிசை வரிசையாக அடங்கியது.

"யாரும் அசையாதீங்கப்பா," என்றான் அண்ணன், தணிந்த குரலில்.

யாரும் அசையவில்லை. தடுப்பிலிருந்து ஓரடி பின்வாங்கி, கைகளைக் கட்டிக்கொண்டு மூவாயிரம் பேரும் நின்றோம், அவர் திரும்பட்டும் என்று.