குடை ரிப்பேர்காரர் கதையின் முடிவு

கதையைச் சொல்லி முடித்துவிட்டு, என் வீட்டுக்காரருடைய உதட்டின் இடது ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வலது ஓரம் மேலே ஏறியது. இடது ஓரம் அசையவே இல்லை.

இன்னும் கிட்டே குனிந்து பார்த்தேன். நோயை நினைத்து அல்ல. நோய் நேற்றே தெரிந்த விஷயம்.

இன்று காலை டாக்டரம்மா ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு எனக்குப் புரியும்படி சொன்னார். இவருக்கு மூளையின் வலப்பக்கத்தில், தசைகளுக்கு உத்தரவு போடும் இடத்தில், ரத்தக்குழாய் அடைத்துவிட்டது. வலப்பக்க மூளைதான் இடப்பக்க உடம்பை ஆட்டிவைக்கிறதாம். அதனால்தான் இடது கை கனக்கிறது, வாய் கோணுகிறது.

பிறகு இவர் பக்கம் திரும்பி, சிரிக்கச் சொன்னார்.

பாதிச் சிரிப்புதான் வந்தது. போட்டோ ஸ்டூடியோவில் கேமராவுக்குப் பின்னால் நின்று ஊரையே சிரிக்கச் சொன்ன மனுஷன். தன் முறை வந்தபோது பாதிதான் முடிந்தது.

அந்த நேரம் பார்த்து டாக்டரம்மாவின் ஸ்டூல் உருண்டது. சக்கரம் வைத்த ஸ்டூல். அவர் உட்கார்ந்த மேனிக்கே பின்னால் போய், பக்கத்துக் கட்டிலின் திரைக்குள் காணாமல் போனார்.

இவர் குபீரென்று சிரித்துவிட்டார். இரண்டு பக்கமும், வாய் நேராக.

திரையை விலக்கிக்கொண்டு வந்த டாக்டரம்மா கோபப்படவில்லை. அவருக்கு ஒரே சந்தோஷம். சொன்னதற்காகச் சிரிப்பதற்கு மூளையில் ஒரு வழி, தானாக வரும் சிரிப்புக்கு வேறு வழியாம். வீட்டுக்கு முன்வாசல், பின்வாசல் மாதிரி. இவருக்கு முன்வாசல்தான் அடைத்திருக்கிறது.

“நிஜமாவே சிரிப்பு வந்தா முழுசா வரும்மா. வரவழைச்சுக்கிட்டாத்தான் பாதி.”

நல்ல செய்திதான். ஆனால் என் மனசு சும்மா இருக்குமா?

எங்கள் வீட்டில் ஜோக் என்றால் நான்தான். சமையல் சுமார். கணக்கு வராது. நான் பாட ஆரம்பித்தால் பக்கத்து வீட்டில் ஜன்னலைச் சாத்துவார்கள். ஆனால் குடை ரிப்பேர்காரர் கதையை எடுத்தேன் என்றால், கூட்டமே வயிற்றைப் பிடித்துக்கொள்ளும். இவர் விழுந்து விழுந்து சிரிப்பார். இந்தக் கதைக்காகத்தான் இவளைக் கட்டிக்கொண்டேன் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொள்வார். நானும் அதை நம்பி இவ்வளவு காலம் குடித்தனம் நடத்திவிட்டேன். என்னிடம் உள்ள ஒரே சரக்கு அது.

அதனால் டாக்டரம்மா அந்தப் பக்கம் போனதும் அதே ஸ்டூலில் உட்கார்ந்தேன். பரிசோதனை என்றால் பரிசோதனையாக இருக்க வேண்டாமா? முகத்தை டாக்டரம்மா மாதிரி வைத்துக்கொண்டு, கண்ணை அந்த இடது ஓரத்தை விட்டு எடுக்காமல், நிறுத்தி நிதானமாகச் சொன்னேன்.

ஒருவன் குடையை ரிப்பேருக்குக் கொண்டுபோகிறான். அவன் கடையில் நிற்கும்போதே மழை பிடித்துக்கொள்கிறது. குடை ரிப்பேர்காரர் வெளியே எட்டிப் பார்க்கிறார். சாப்பாட்டு நேரம், வீட்டுக்குப் போக வேண்டும். ஆனால் இடத்தை விட்டு நகரவில்லை. ஏன் என்று கேட்டால், ‘என் குடை ரிப்பேருக்குப் போயிருக்கு’ என்கிறார். அவ்வளவுதான்.

அதற்குத்தான் இந்தப் பாதிச் சிரிப்பு.

சரி, கேட்டுக் கேட்டுப் புளித்திருக்கும் என்று பல் டாக்டர் கதையைச் சொன்னேன். பாதி. கழுதை மாடியேறிய கதையைச் சொன்னேன். அதற்கும் பாதி. அதுகூட மரியாதைக்கு வந்த மாதிரி இருந்தது.

ஆக, இத்தனை வருஷமாக இந்த ஆள் எனக்குக் காட்டியதெல்லாம் முன்வாசல் சிரிப்பு!

காட்டமாட்டாரா பின்னே? பொய்ச் சிரிப்பைப் படம் பிடித்தே பிழைத்தவர். கண்ணைப் பார்த்தே எது நிஜம், எது வேஷம் என்று சொல்லிவிடுவார். அவருக்கு என்னிடம் நடிப்பதா பெரிய காரியம்?

வந்தது கோபமா அழுகையா என்று எனக்கே பிடிபடவில்லை. பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

“நடிச்சீங்களா? இவ்வளவு நாளும் நடிச்சீங்களா?”

இவர் இல்லையென்று தலையை ஆட்டினார். வாய் ஒத்துழைக்கவில்லை. குழறிக் குழறி, ஒவ்வொரு வார்த்தையாக இழுத்துக்கொண்டு வந்தார்.

“நீ இந்தக் கதைய ஒரு தடவகூட முடிச்சதில்லடி. குடைக்காரர் எட்டிப் பாக்கறார்னு சொன்னதுமே உனக்குச் சிரிப்பு பொத்துக்கிட்டு வந்துரும். உன்னப் பாத்துத்தான் நாங்க எல்லாரும் சிரிப்போம். இன்னைக்குத்தான் முடிவையே கேட்டேன்.”

மூச்சு வாங்கிக்கொண்டார்.

“சகிக்கல.”

நான் பிளாஸ்க்கோடு நின்றேன். யோசித்துப் பார்த்தேன். கூட்டத்துக்கு நடுவில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நான் குலுங்குவதுதான் ஞாபகம் வந்தது. அந்த ரிப்பேர்காரர் வாயைத் திறந்து பேசியதாக ஒரு ஞாபகமும் இல்லை. பாவம், இத்தனை வருஷமாக மழையை எட்டிப் பார்த்தபடியே நின்றிருக்கிறார்.

அவ்வளவுதான், எனக்குப் பீறிட்டுக்கொண்டு வந்துவிட்டது. ஸ்டூலில் தொப்பென்று உட்கார்ந்தேன். அது உருண்டது. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். பக்கத்துக் கட்டிலிலிருந்து யாரோ திரையை விலக்கிப் பார்த்தார்கள். பார்த்தால் பார்க்கட்டும்.

இவருடைய இடது ஓரத்தைப் பார்க்க வேண்டும் என்று எவ்வளவோ முயன்றேன். கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டு எதுவும் தெரியவில்லை.

கையை நீட்டி இவர் இடது கன்னத்தைத் தடவிப் பார்த்தேன்.

மேலே ஏறியிருந்தது.