கேட்காமலே விழுந்த கரண்டி

"இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு தெரிஞ்சாகணும்," என்றாள் மனைவி, குடையை மடக்கிக்கொண்டே. "அந்தக் கரண்டியக்கா உங்களை அடையாளம் கண்டுக்கிட்டு, கேக்காமலே அள்ளிப் போட்டுட்டாங்கன்னா நான் தோத்தேன். இல்லேன்னா, இனிமே நம்ம வீட்டுல அவங்க பேச்சே எடுக்கக் கூடாது."

"பந்தயம்!" என்றார் கணவர், மீசையைத் தடவியபடி.

சொந்த மாமியார்கூட அவளை ஒரு சொல் குறை சொன்னதில்லை. கண்ணால் பார்த்தே இராத இந்தக் கரண்டியக்காதான் கல்யாணமான நாளிலிருந்து அவள் உயிரை வாங்கிக்கொண்டிருந்தார். கணவர் இந்த வெளிநாட்டு ஊரில் படித்த காலத்தில் அவரைப் பட்டினி கிடக்காமல் காப்பாற்றியவை மூன்று மலிவுச் சாப்பாட்டுக் கடைகள். அவற்றில் ஒன்றை நடத்தியவர் அந்த அக்கா. கணவர் உப்பு, காரத்தைப் பற்றி வாயே திறக்க மாட்டார். பரிமாறும்போதுதான் ஆரம்பிப்பார். "நீ கேட்டாத்தான் போடுவே. கரண்டியக்கா இருக்காங்களே, முகத்தைப் பார்த்தே போடுவாங்க!"

அலுவலக வேலையாக அவரை மறுபடி இந்த ஊருக்கு அனுப்பினார்கள். நானும் வருவேன் என்று ஒற்றைக்காலில் நின்று கிளம்பி வந்திருந்தாள் அவள்.

முதல் கடை மூக்குக்கண்ணாடிக் கடையாகியிருந்தது. "இங்கேதான் சூப்பும் ரொட்டியும் தருவாங்க. சூப்பு தீரத் தீர ஊத்துவாங்க," என்று கண்ணாடிக்குள் எட்டிப் பார்த்தார். உள்ளே இருந்தவர் இவருக்குக் கண் பரிசோதனை செய்ய நாற்காலியை இழுத்துப் போட்டார்.

இரண்டாவதான, மாடிப்படிக்கு அடியில் இருந்த முட்டைச் சாப்பாட்டுக் கடையின் இடத்தில் ஸ்கூட்டர்கள் நின்றன. அவர் முகம் தொங்கிப்போனது. மனைவிக்கு உற்சாகம் தாங்கவில்லை. "அடுத்தது அக்கா கடைதானே? வாங்க, வாங்க," என்று முன்னால் நடந்தாள்.

கல்லூரிக்குப் பின்புறச் சந்தில், சலவைக் கடையை ஒட்டி, அது மட்டும் அப்படியே இருந்தது. அதே நீள மேசை, அதே ஆடும் பெஞ்சு. ஒரு தட்டுக்கு ஒரே விலை, வயிறு கொண்ட மட்டும் சாப்பிடலாம் என்கிற வழக்கமும் மாறவில்லை. கல்லாவில் அக்காவின் மகள் உட்கார்ந்திருந்தாள். இங்கிலீஷ் நன்றாகப் பேசினாள். அம்மா உள்ளேதான் இருப்பதாகச் சொன்னாள்.

சமையலறைக் கதவு திறந்தது. நரைத்த தலையும் கையில் கரண்டியுமாக அக்கா எட்டிப் பார்த்தார். கண்ணை இடுக்கினார். அடுத்த நொடி ஏதோ கத்திக்கொண்டு ஓடிவந்து, கணவரின் தொப்பையில் செல்லமாக ஒரு தட்டுத் தட்டினார்.

"பார்த்தியா?" என்றார் கணவர்.

மனைவி பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்தாள். பாதி பந்தயம் போய்விட்டது.

சோறு வந்தது. கிழங்குக் குழம்பு வந்தது. அவர் பாதி சாப்பிடுவதற்குள் கரண்டி மறுபடி வந்தது.

"போதும்க்கா," என்றார். விழுந்தது ஒரு கரண்டி.

"ஐயையோ, போதும், போதும்!" விழுந்தன இரண்டு.

பந்தியில் நம்மவர்கள் ஒரு பேச்சுக்குச் சொல்வது போலத்தான் சொன்னார். தட்டை இம்மிகூட இழுத்துக்கொள்ளவில்லை. வாய் நிறையச் சோற்றோடு மனைவியைப் பார்த்துக் கண்ணடித்தார்.

அவளுக்கு நிஜமாகவே அழுகை வந்தது. விடியற்காலையில் எழுந்து அடுப்பு மூட்டி, டிபன் கட்டி, அவருக்குப் பிடித்ததைத் தேடித் தேடிச் சமைத்தவள் அவள். எங்கிருந்தோ ஒரு பெண்மணி வெறும் கரண்டியால் ஜெயித்துவிட்டார். பொறுக்குமா?

"அவங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு கேளுங்க," என்றாள். "இத்தனை பசங்க வந்து போன கடையில உங்க மேல மட்டும் அப்படி என்ன பாசம்?"

கணவர் பெருமை பொங்க, தனக்குத் தெரிந்த அரைகுறை பாஷையில் கேட்டார். அக்கா கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார். சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். கணவர் மெல்வதை நிறுத்திவிட்டார்.

"என்ன சொல்றாங்க?"

"அது... ஏதோ தாய்ப்பாசம் மாதிரிங்கறாங்க. பாஷை கொஞ்சம் மறந்துபோச்சு."

"பாசமா?" கல்லாவிலிருந்த மகள் அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு, அதற்கு என்ன அர்த்தம் என்று மனைவியிடம் இங்கிலீஷில் கேட்டாள். மனைவி சொன்னதும் அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"அம்மா அப்படிச் சொல்லவே இல்லையே! கடைக்கு வர்ற பசங்க எல்லாரும் போட்டதைச் சாப்பிட்டுட்டு எழுந்து போயிடுவாங்களாம். இவர் ஒருத்தர்தான் நாலு பேர் முன்னாடி கூச்சமே படாம, வாய்விட்டுக் கேட்டுக் கேட்டு வாங்கிச் சாப்பிடுவாராம். அப்படி ஒரு ஆளை எப்படி மறக்க முடியும்னு கேக்கறாங்க."

"கேட்டா? இவர் எங்கே கேட்டார்?"

"இப்பக்கூடக் கேட்டாரே! உங்க பாஷையில அம்மாவுக்குத் தெரிஞ்சது அந்த ஒரு வார்த்தைதான். 'போதும்'னா 'இன்னும் போடு'ன்னுதானே அர்த்தம்?"

மனைவி கணவரைப் பார்த்தாள். கணவர் தட்டைப் பார்த்தார்.

"ஆமாமா, அதேதான் அர்த்தம்," என்ற மனைவி, கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவர் தட்டைக் காட்டி அக்காவிடம் உரக்கச் சொன்னாள்: "போதும்க்கா, போதும், போதும்!"