குடிகாரனுக்கு ஒரு சாட்சி

"சனிக்கிழமை சாயங்காலம் எங்கே இருந்தே, ஒபதியா?" தேவாலயத்தில் சபையார் முன்னிலையில் கேட்டார் மூப்பர் கிராவெல். "என் அடிமை டீலியா கைக்குழந்தையோட ஓடிட்டா. மிசிசிப்பி ஆத்தைத் தாண்ட இந்த ஊர்ல உன் படகை விட்டா வேற எது இருக்கு?"

படகுக்காரன் ஒபதியா தலையைக் குனிந்துகொண்டான். "குடிச்சிட்டுக் கரையில விழுந்து கிடந்தேன், ஐயா."

"சாட்சி?"

பெண்கள் வரிசையில் மூப்பரின் மனைவி லவீனியா எழுந்தாள். "நான் பார்த்தேன். பக்கத்துலயே சாராய ஜாடி. படகு கட்டினபடியே கிடந்துச்சு."

மூப்பரின் மனைவியே சொன்ன பிறகு சந்தேகம் ஏது? அடிமையைக் கடத்தியிருந்தால் சிறை. குடித்ததற்குச் சபை நீக்கம். இனி ஊரில் யாரும் அவனோடு பேசக்கூடாது, சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடக்கூடாது. எல்லாரும் கை தூக்கினார்கள். லவீனியாவும் தூக்கினாள்.

மறுநாள் மதியம் அவள் படகுத்துறைக்கு வந்தாள். கையில் சோள ரொட்டி.

"குடிச்சேன்னு சொல்லுன்னு நான்தான் சொல்லிக்குடுத்தேன். ஒரு சொட்டு தொடாத மனுஷனை இப்ப ஊரே காறித் துப்புது. மன்னிச்சிடு, ஒபதியா."

"நீங்க எழுந்து சொல்லலேன்னா இந்நேரம் ஜெயில்ல இருப்பேம்மா."

"அவ... பத்திரமா சேர்ந்தாளா?"

"அக்கரைல ஆளுங்க காத்திருந்து கூட்டிட்டுப் போனாங்க. நீங்க போர்த்தி அனுப்பின சால்வைக்குள்ள குழந்தை முழிக்கவே இல்லை. 'லவீனியாம்மாவை நான் மறக்க மாட்டேன்னு சொல்லு'ன்னா டீலியா."

லவீனியா கண்ணைத் துடைத்துக்கொண்டு ரொட்டியைப் பிட்டாள். ஒரு பாதியை அவனிடம் நீட்டினாள். மறுபாதியோடு அவன் எதிரிலேயே உட்கார்ந்தாள்.

"அம்மா, யாராவது பார்த்தா உங்களையும் நீக்கிடுவாங்க."

"நீக்கட்டுமே," என்றாள் ரொட்டியை மென்றபடி. "பேச்சுத்துணைக்கு நீ இருக்கியே."