ஐந்தாவது வாக்கியம்

வாசல் கல்லில் அம்மா கத்தி தீட்டிக்கொண்டிருந்தாள்.

சர்ர், சர்ர் என்ற அந்தச் சத்தத்தில் அழகுத்தாய்க்குப் பற்றிக்கொண்டு வந்தது. மண்ணெண்ணெய் விளக்கை இழுத்து நோட்டுக்குப் பக்கத்தில் ணங்கென்று வைத்தாள்.

இங்கிலீஷ் சார் ஒரு வார்த்தை கொடுத்து அனுப்பியிருந்தார். லைன். இந்த மலையில் பச்சைப்பிள்ளைகூடச் சொல்கிற வார்த்தைதான். ஆனால் ஒரு வாக்கியத்தில் வந்த அர்த்தம் இன்னொன்றில் வரக்கூடாது, அப்படி ஐந்து எழுதி வா என்றார். வீட்டுக்கு வந்ததும் அதை அம்மாவிடம் சொன்னாள். அம்மா காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

எழுதி என்ன கிழிக்கப்போகிறோம்? நாளைக்குப் பள்ளிக்கூடமா இருக்கிறது? விடிந்ததும் ஆள் எடுக்கிற பெரட்டுக்களத்தில் போய் நிற்கவேண்டியதுதான்.

அம்மா முத்துப்பேச்சிக்கு முதுகு போய்விட்டது. இனிமேல் தேயிலைக் கொழுந்துக் கூடை சுமக்கக்கூடாது என்று ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அப்பா இல்லாத வீடு. அம்மாவுக்குப் பதில் பிள்ளைகளில் ஒருத்தர் பேரை எழுதினால்தான் எஸ்டேட்காரன் இந்த லைன் வீட்டில் இருக்க விடுவான். இல்லையென்றால் சட்டிபானையைத் தூக்கிக்கொண்டு மலை இறங்கவேண்டும்.

பிள்ளைகள் என்னவோ இரண்டுதான். எந்தப் பிள்ளை பேர் என்று லைனில் ஒருத்தராவது கேட்டார்களா? கேட்கவில்லை. தாய் இறக்கிவைத்த கூடையை மகள் எடுக்கவேண்டும், அவ்வளவுதான். அண்ணன் பெரியமுத்து கரண்ட் போர்டு வேலைக்குக் காத்திருக்கிறானாம். மூன்று வருஷமாகக் காத்திருக்கிறான். காத்திருப்பதே பெரிய உத்தியோகம்போலத் தினமும் சித்திரபுரம் போய் டீ குடித்துவிட்டு வருகிறான்.

மத்தியானம் அம்மா ஆபீசுக்குப் போய்ப் பேர் கொடுத்துவிட்டு வந்தாள். வந்தவள் வாயைத் திறக்கவில்லை. ஆணியில் தொங்கிய கூடையையும் காணோம். புதுக் கயிறு கட்டக் கொடுத்திருப்பாள். இப்போது கத்தி. புதுப் பேர் எழுதின வீட்டில் விடியுமுன் காளியம்மனுக்குச் சேவல் அறுப்பது இங்கே வழக்கம். படிப்பை அறுத்தது போதாதென்று சேவலையும் அறுக்கவேண்டுமாக்கும்.

முதல் வாக்கியத்தை எழுதி, அம்மா காதில் விழட்டும் என்றே தமிழிலும் உரக்கச் சொன்னாள். நாங்கள் லைனில் குடியிருக்கிறோம்.

சர்ர் என்றது கல்.

எங்கள் கூரைக்கு மேலே கரண்ட் லைன் போகிறது. போகும், போகும். பள்ளிவாசல் ஊர் பவர்ஹவுசில் புறப்பட்டு எங்கெங்கோ இருக்கிற ஊருக்கெல்லாம் போகும். தலைக்கு மேலே போகிறதே தவிர இந்த வீட்டுக்குள் இறங்காது. விளக்குப் புகையில் அவளுக்குக் கண் எரிந்தது.

ரேஷன் கடையில் அம்மா லைனில் நிற்கிறாள். அப்படி நின்று வாங்கிய அரிசியில் முதல் கரண்டி யாருக்கு? துரைக்கு. அபூர்வமாக ஒரு முட்டை வந்தால் அதுவும் துரைக்குத்தான். அந்தத் துரை பெரியமுத்து இப்போது கண்ணாடிக்கு முன்னால் தலை சீவிக்கொண்டிருந்தான். தங்கச்சி பேசுகிற இங்கிலீஷில் தேயிலைச் செடியெல்லாம் அசந்துபோகும் என்று சிரித்தான். கையில் இருந்த பேனாவை அவன் மேல் எறிந்தால் என்ன என்று இருந்தது அவளுக்கு.

எறியவில்லை. நாலாவதை எழுதினாள். அழுத்திய அழுத்தில் தாள் கிழிந்தது. ஆபீஸ் ரைட்டர் என் அம்மா பேர்மேல் ஒரு லைன் அடிக்கிறார். இதை மற்ற மூன்றையும்விட உரக்கச் சொன்னாள்.

வெளியே கத்தியின் வேகம் கூடியது. ஒரு வார்த்தை பேசினால் என்ன, இந்த அம்மா?

ஐந்தாவதற்கு ரயில் லைன் என்று எழுதலாம். ஆனால் யார் கண்டது ரயிலை? இனிமேல் எங்கே காணப்போகிறோம்? போதும் என்று பேனாவை மூடி, நோட்டைச் சுவரோரம் தள்ளிவிட்டாள்.

கல்லில் சத்தம் நின்றது.

அம்மா இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து உள்ளே வந்தாள். அவள் கையில் இருந்தது சேவல் அறுக்கிற கத்தி இல்லை. வளைந்த நுனியோடு நீளமான கவாத்துக் கத்தி. மழைக்காலத்தில் ஆம்பளைகள் தேயிலைச் செடியை அடியை ஒட்டி வெட்டி இறக்குகிற கத்தி. பிடியில் சிவப்புத் துணி சுற்றியிருந்ததைப் பார்த்ததும் அழகுத்தாய்க்குத் தெரிந்துவிட்டது. அது அடுத்த வீட்டு அன்னாளின் புருஷன் வைத்திருந்தது. அம்மா கூடையை அங்கே கொடுத்துவிட்டு இதை வாங்கி வந்திருக்கிறாள்.

கத்தியை நேரே கொண்டுபோய்ப் பெரியமுத்துவின் கண்ணாடிக்குக் கீழே வைத்தாள்.

"ஓம் பேருதாம்ல எழுதிக் குடுத்துருக்கேன். காலையில ஆறு மணிக்குப் பெரட்டு."

அவன் போர்டு என்றான், இன்டர்வியூ என்றான், மழையில் கவாத்து வெட்டினால் கை மரத்துப்போகும் என்றான். அம்மா அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு, நிமிர முடியாத முதுகோடு நின்றாள். கொஞ்ச நேரத்தில் அவன் சீப்பைக் கீழே வைத்துவிட்டுக் கத்தியின் பிடியைத் தொட்டுப் பார்த்தான்.

அழகுத்தாய் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். அம்மா அவள் பக்கம் திரும்பினாள். முகத்தில் அதே கடுகடுப்பு.

"என்னட்டி முழிச்சுக்கிட்டு இருக்க? அஞ்சு எழுதணும்னுட்டு நாலுதான படிச்ச."