துண்டுக்குள் ஒரு கை

நான் கையை நீட்டியதும் மண்டிக்காரர் பழனிவேல் தன் தோள் துண்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

பொம்பளையிடம் அவர் கை பிடித்து விலை பேசியதே இல்லையாம். அதற்கு நான் என்ன செய்ய? பழம் என் தோப்பில் காய்த்தது.

எங்கள் பக்கம் பலாவுக்கு வாயால் விலை சொல்ல மாட்டார்கள். துண்டுக்கு அடியில் விரலைப் பிடிப்பார்கள். ஒரு விரல் பத்து ரூபாய். கை முழுக்கப் பிடித்தால் ஐம்பது. பேசி முடித்த விலையைப் பற்றி விற்றவனும் வாங்கியவனும் வெளியே மூச்சு விட மாட்டார்கள்.

என் வீட்டுக்காரர் போனபிறகு, ஆறு வருஷமாக எனக்காகத் துண்டுக்குள் கைவிட்டது அண்ணன் சடையப்பன்தான்.

"அடுத்தவன் துண்டுக்குள்ள நீ கைய வுட்டா ஊரே சிரிக்கும்" என்பார்.

பழத்துக்கு எழுபது ரூபாய் கொண்டுவந்து தருவார். அதற்கு மேல் அந்தப் பாவி ஏற மாட்டேன் என்கிறான் என்று பழனிவேலைத் திட்டுவார். நானும் சேர்ந்துகொண்டு, அவன் நல்லாவே இருக்க மாட்டான் என்று சாபம் விடுவேன்.

இந்த வருஷம் காடாம்புலியூரில் விவசாயிகள் கூட்டம் போட்டார்கள். இடையில் ஆள் வைக்காதீர்கள், அவரவர் பழத்துக்கு அவரவரே விலை பேசுங்கள் என்றார்கள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. சிதம்பரத்தில் படிக்கும் மகள் கயல்விழிக்குக் கடைசி வருஷ ஃபீஸ் கட்ட வேண்டும். எண்பது ரூபாயாவது வாங்காமல் இந்த ஆளை விடுவதில்லை என்று அண்ணனிடம் சொல்லாமல் கிளம்பி வந்தேன்.

மண்டியே வேடிக்கை பார்த்தது. வேறு வழியில்லாமல் பழனிவேல் துண்டை என் கைமேல் போட்டார்.

கை முழுக்கப் பிடித்தார். ஐம்பது.

மறுபடியும் கை முழுக்கப் பிடித்தார். பழக்கமில்லாத கை, தடுமாறுகிறார் என்று நினைத்தேன்.

பிறகு இரண்டு விரல்.

மொத்தம் நூற்றிருபது. நான் அவர் முகத்தையே பார்த்தேன்.

"என்னம்மா முழிக்கிற? போன வருச ரேட்டுதான் இது. ஒங்க அண்ணன்னா இன்னும் பத்து ஏத்தாம கைய எடுக்க மாட்டாரே."

ஆறு வருஷமும் ஆள் மாற்றிச் சபித்திருக்கிறேன்.

போன ஆனியில் ஃபீஸ் கட்ட வழியில்லாமல் நின்றபோது அண்ணன்தான் இருபதாயிரம் கொடுத்தார். கூடப்பிறந்தவளுக்குச் செய்யாமல் யாருக்குச் செய்யப் போகிறேன் என்றார்.

நான் அவர் காலில் விழுந்தேன். கயல்விழியையும் விழச் சொன்னேன்.